நூல் அறலாம், முத்து சிதறக் கூடாது

முத்து கோர்ப்பது பற்றி வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது ஒன்று தெரிந்தது. பெரும்பாலானவர்களுக்கு இந்த ஆசை வந்ததே வீட்டில் ஒரு மாலை அறுந்த பிறகுதான். அதனால் முதலிலேயே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எந்த மாலையும் ஒருநாள் அறும். நூலுக்கு ஆயுள் குறைவு, முத்துக்கு ஆயுள் அதிகம். அறும் நாளில் ஒரு முத்துகூடக் காணாமல் போகாதபடி கோர்ப்பதுதான் இந்தக் கலை. கீழே உள்ள பதில்கள் எல்லாமே இதை வைத்துச் சொன்னவைதான்.

கேள்வி: பாட்டியின் முத்துச்சரம் அக்கா மகள் கல்யாணத்தில், மண்டபத்திலேயே அறுந்துவிட்டது. எல்லோரும் குனிந்து பொறுக்கியதில் 71 முத்து கிடைத்தது. எத்தனை போனது என்று தெரியவில்லை. முத்துக்கு முத்து முடிச்சு இல்லை. நானே கோர்க்கலாமா, கடையில் கொடுக்க வேண்டுமா?
— வாசகி, தூத்துக்குடி

கிடைத்தவற்றை மூடியுள்ள டப்பாவில் ஒரு மெல்லிய துணி விரித்துப் போட்டு வையுங்கள். பழைய நூல் துண்டையும் கொக்கியையும் தூக்கி எறியாதீர்கள். நூல் எவ்வளவு கனம், சரம் எவ்வளவு நீளம் இருந்தது என்பதற்கு அவைதான் சாட்சி. பாட்டி அந்தச் சரத்தைப் போட்டிருக்கும் பழைய போட்டோ இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள்.

உங்கள் ஊர் தூத்துக்குடி என்பதால் கூடுதலாக ஒன்று சொல்ல வேண்டும். கொற்கைக் காலத்திலிருந்து பேர் பெற்ற மன்னார் வளைகுடா முத்து, கடலடியில் சிப்பிக்குள் தானாக விளைந்தது. தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். தூத்துக்குடியில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் டாக்டர் கே. அழகர்சாமி குழுவினர் சிப்பிக்குள் கரு வைத்து முத்து வளர்த்தது 1973-இல். பாட்டியின் சரம் அதற்கு முந்தையது என்றால் அது இயற்கை முத்தாக இருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் வயதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. ஜப்பானின் வளர்ப்பு முத்துகள் 1920களிலிருந்தே சந்தைக்கு வந்துவிட்டன.

முத்தைப் பல்லில் லேசாக உரசினால் மணல் போல நறநறக்கும், போலி வழுக்கும் என்பார்கள். அது உண்மைதான். ஆனால் இயற்கை முத்தும் வளர்ப்பு முத்தும் ஒரே மாதிரிதான் நறநறக்கும். இரண்டையும் பிரித்துச் சொல்ல எக்ஸ்ரே வேண்டும். ரத்தினப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பாருங்கள்.

இயற்கை முத்து என்று தெரிந்தால், பழக்கமில்லாத கையால் அதைத் தொட வேண்டாம். எடைக்கு விற்ற பொருள் என்பதால், எடை குறையாமல் இருக்க அந்தக் காலத்தில் துளையை மிகச் சிறியதாகவே போட்டார்கள். அதில் கனமான நூல் நுழையாது. நுழைய வேண்டும் என்று துளையைப் பெரிதாக்கச் சொல்லும் கடையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். துளைக்கேற்ற நூலைத் தேடுகிறவரிடம் கொடுங்கள். வளர்ப்பு முத்து என்றால், கண்ணாடி மணியில் மூன்று மாலை கோர்த்துப் பழகிய பிறகு நீங்களே உட்காரலாம். இந்த முறை முடிச்சு போட்டுக் கோருங்கள்.

கேள்வி: எனக்கு வயது 61. ஓய்வு பெற்றுவிட்டேன். முத்து கோர்க்கக் கற்க ஆசை. ஆனால் ஊசியில் நூல் கோர்க்கவே கண் தெரியவில்லை. இந்த வயதில் முடியுமா? என்னென்ன வாங்க வேண்டும்?
— வாசகி, ஈரோடு

முடியும். கோர்க்கும்போதுதான் கண் வேலை. முடிச்சு போடும்போது விரல்தான் பார்க்கிறது. பழகிய கை, முடிச்சு முத்தில் போய் உட்கார்ந்ததா என்பதைத் தொட்டே சொல்லிவிடும். பூத்தொடுக்கத் தெரிந்தவர் என்றால் பாதி தூரம் ஏற்கெனவே வந்துவிட்டீர்கள். நூலை இழுத்துப் பிடிக்கும் அழுத்தம் உங்கள் விரலில் இருக்கிறது.

ஊசிக் கவலைக்கும் வழி உண்டு. முத்துக்கான பட்டுநூல் அட்டையில் சுற்றியே வரும். பெரும்பாலும் 2 மீட்டர் நீளம், நுனியில் மெல்லிய கம்பியே முறுக்கி ஊசியாகப் பொருத்தியிருக்கும். நூல் கோர்க்க வேண்டிய வேலையே இல்லை.

வாங்க வேண்டியவை குறைவு: முனை கூராகவும் உள்பக்கம் வழவழப்பாகவும் உள்ள ஒரு சாமணம், தடித்த ஊசி ஒன்று, கூரான சின்னக் கத்தரி, பழக 8 மி.மீ. கண்ணாடி மணி ஒரு சரம், அதற்கேற்ற கனத்த நைலான் நூல், இரண்டு மூன்று கொக்கிகள். மேசையில் துவாலை ஒன்றை விரித்துக்கொண்டு அதன் மேல் வேலை செய்யுங்கள். மணி உருளாது, விழுந்தாலும் அடிபடாது. விளக்கு இடப்பக்கத்திலிருந்து வரட்டும். வெள்ளை முத்துக்குக் கருநீலத் துணி, கறுப்பு மணிக்கு வெள்ளைத் துணி என்று மாற்றி விரித்தால் கண்ணுக்குச் சிரமமே இருக்காது.

முதல் மாலையைப் பட்டில் தொடங்காதீர்கள். பட்டு ஒரு முடிச்சைப் பிரித்தாலே பிசிறு விடும். நைலான் நான்கு ஐந்து முறை தாங்கும்.

கேள்வி: முடிச்சு போடுகிறேன், ஆனால் முத்துக்கும் முடிச்சுக்கும் நடுவே இடைவெளி விழுகிறது. ஒரு முடிச்சு ஒட்டி நிற்கிறது, அடுத்தது தள்ளி நிற்கிறது. எங்கே தவறு?
— வாசகி, கோயம்புத்தூர்

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான். முடிச்சு முத்தைத் தொடுவதற்கு முன்பே அதை இறுக்கிவிடுகிறீர்கள். இறுகிய முடிச்சு நகராது. தளர்வாக வைத்து, நகர்த்திக் கொண்டுபோய், முத்தின் வாயில் வைத்து இறுக்க வேண்டும். படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில் நூலைப் பழக்குங்கள். பட்டு நீளும் குணமுள்ளது. அட்டையிலிருந்து பிரித்து, நுனியில் லேசான எடை கட்டி ஓர் இரவு தொங்கவிடுங்கள். இதைச் செய்யாமல் கோர்த்தால், மாலை கழுத்தில் கிடந்து நீண்டு, இரண்டே மாதத்தில் இடைவெளி தெரியும்.

இனி முடிச்சு. முத்தை முந்தைய முடிச்சோடு ஒட்டித் தள்ளுங்கள். இடக்கையின் இரண்டு விரல்களைச் சுற்றி நூலை ஒரு வளையமாகப் போடுங்கள். கோர்த்து முடித்த பக்கத்தை அந்த வளையத்துக்குள் விட்டு எடுங்கள். சாதாரண ஒற்றை முடிச்சு, தளர்வாக உருவாகிவிடும். இப்போது சாமண முனையை வளையத்துக்குள் நுழைத்து, முத்தின் துளையை ஒட்டிய இடத்தில் நூலைப் பிடியுங்கள். மறு கையால் நூலை மெல்ல இழுங்கள். வளையம் சுருங்கிச் சுருங்கிச் சாமண முனையில் வந்து உட்காரும். அப்போது சாமணத்தை உருவிவிட்டு, கட்டைவிரல் நகத்தால் முடிச்சை முத்துப் பக்கம் தள்ளிக்கொண்டே நூலை இழுத்து இறுக்குங்கள். இழுப்பதும் தள்ளுவதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். சாமணத்துக்குப் பதில் தடித்த ஊசியாலும் வளையத்தை நகர்த்தலாம்.

இரண்டு பக்கக் கொக்கியும் தனிக் கவனம் கேட்கும் இடம். மாலை பெரும்பாலும் அறுவது அங்கேதான், உலோகம் நூலை அறுக்கிறது. அதனால் கொக்கி வளையத்தில் நூல் நேராகப் படக் கூடாது. ஆரி வேலையில் ஜர்தோசி என்று வாங்குகிறோமே, அதைப் போன்ற மெல்லிய சுருள் கம்பி முத்து வேலைக்கும் கிடைக்கும். பிரெஞ்சு ஒயர் என்று கேளுங்கள். அதில் அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக வெட்டி, நூலை உள்ளே விடுங்கள்.

தொடங்கும்போது மூன்று முத்து, பிறகு சுருள், பிறகு கொக்கி என்ற வரிசையில் கோர்த்து, நூல் நுனியில் ஒரு சாண் மிச்சம் வையுங்கள். ஊசியைக் கொக்கிக்கு அடுத்த முத்து வழியே திரும்ப விட்டு இழுத்தால், சுருள் ஒரு சின்ன வளையமாக மடங்கிக் கொக்கியைப் பிடித்துக்கொள்ளும். மிச்ச நூலும் ஓடும் நூலும் சேர்த்து ஒரு முடிச்சு. அடுத்த முத்து வழியாக விட்டு மறுபடி ஒன்று, மூன்றாவதிலும் ஒன்று. பிறகு மிச்ச நூலை ஒட்ட நறுக்கிவிடலாம். முடிக்கும் பக்கத்திலும் கடைசி மூன்று முத்துக்கு இதேதான். அங்கே முடிச்சுக்கான இடத்தை முன்கூட்டியே விட்டுக் கோர்க்க வேண்டும்.

இந்த ஆறு முத்துகளில் மட்டும் நூல் இரண்டு முறை போகிறது. அதனால் துளை பெரிதாக உள்ள முத்துகளை முதலிலேயே பொறுக்கி இரு முனைக்கும் ஒதுக்கி வையுங்கள்.

முதல் பத்து முடிச்சு அசிங்கமாகத்தான் வரும். முப்பதாவது முடிச்சில் கை அறியும். முதல் மாலையை முழுவதும் முடித்த பிறகே அறுத்துப் போட்டுவிட்டு மறுபடி தொடங்குங்கள். நடுவில் நிறுத்தினால் கை எதையும் கற்காது.

கேள்வி: பேன்சி ஸ்டோரில் கியர் ஒயர்தான் உறுதி, பட்டுநூல் சீக்கிரம் அறுந்துவிடும் என்கிறார்கள். எதை வாங்குவது? எவ்வளவு கனம்?
— வாசகி, சென்னை

கியர் ஒயர் உறுதி என்பது சரி. ஆனால் யாருக்கு எதிராக உறுதி என்று பாருங்கள். முத்து மென்மையானது. மோஸ் கடினத் தன்மை அளவில் ஏறத்தாழ 2.5 முதல் 4.5 வரைதான். எஃகுக் கம்பி உள்ளே உரசிக்கொண்டே இருந்தால் துளையின் விளிம்பு தேயும். கம்பி பிழைக்கும், முத்து தேயும். எனக்கு இது ஏற்புடையதல்ல. மாற்ற முடிகிற பொருள்தான் தேய வேண்டும். நூலை மாற்றலாம், முத்தை மாற்ற முடியாது. தவிர, கியர் ஒயரில் முடிச்சும் போட முடியாது, கியர் லாக் வைத்து நசுக்கித்தான் முடிக்க வேண்டும்.

மீன்பிடி நரம்பும் வேண்டாம். அது முடிச்சில் நிற்காமல் நழுவும், நாளடைவில் மொடமொடத்து உடையும்.

முத்துக்குப் பட்டு அல்லது முறுக்கிய நைலான் நூல். பட்டில் கோர்த்த மாலை கழுத்தில் குழைந்து விழும். வியர்வை அதிகமானவர்களும் தினமும் போடுகிறவர்களும் நைலான் நூலை எடுக்கலாம். அது அவ்வளவு குழையாது, ஆனால் ஈரத்தில் மக்காது.

நூல் எண் அட்டையிலேயே இருக்கும். 2-ஆம் எண் 0.45 மி.மீ., 4-ஆம் எண் 0.60 மி.மீ., 6-ஆம் எண் 0.70 மி.மீ., 8-ஆம் எண் 0.80 மி.மீ. கடையில் இன்று அதிகம் கிடைக்கும் சீன நன்னீர் முத்துகளில் துளை சிறியது. 2-ஆம் எண்ணோ அதற்கும் மெல்லியதோ சரியாக வரும். எண்ணை நம்புவதைவிட ஒரு முடிச்சு போட்டுப் பாருங்கள். நூல் துளையில் இறுக்கமில்லாமல் ஓட வேண்டும், முடிச்சு துளைக்குள் போகக் கூடாது. இந்த இரண்டும் பொருந்தினால் அதுதான் உங்கள் நூல்.

உடனே ஒட்டும் பசையை முடிச்சில் ஊற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அது பட்டைக் கட்டையாக்கும். கட்டையான இடத்தில்தான் நூல் முறியும். அடுத்த முறை பிரித்துக் கோர்க்கும்போது துளைக்குள் பசை அடைத்துக்கொண்டு நிற்கும்.

கேள்வி: முடிச்சில்லாமல் இருந்த 18 அங்குல மாலையை முடிச்சு போட்டுக் கோர்த்தேன். நீளமாகிவிட்டது. எத்தனை முத்து வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிட முடியுமா?
— வாசகி, திருச்சி

முடியும். 18 அங்குலம் என்பது 457 மி.மீ. கொக்கிக்கும் சுருளுக்கும் 17 மி.மீ. கழித்தால் 440. உங்கள் முத்து 7 மி.மீ. என்றால் முடிச்சில்லாமல் ஏறத்தாழ 63 முத்து பிடிக்கும். முடிச்சு போட்டால் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 1 மி.மீ. கூடும். 440-ஐ 8-ஆல் வகுத்தால் 55 முத்து போதும். அதே 63 முத்தையும் முடிச்சோடு கோர்த்ததால்தான் இரண்டு அங்குலத்துக்கு மேல் நீண்டிருக்கிறது. மிஞ்சும் எட்டு முத்தில் தோடோ, கைச்சங்கிலிக்கு நடுமணியோ செய்துகொள்ளுங்கள்.

துல்லியமாக வேண்டுமென்றால் முதலில் 10 முத்து மட்டும் முடிச்சிட்டு அளந்து பாருங்கள். உங்கள் கையின் முடிச்சு எவ்வளவு இடம் எடுக்கிறது என்பது தெரிந்துவிடும். நூல் நீளத்துக்கு மாலையைப் போல நான்கு மடங்கு. 18 அங்குலத்துக்கு 2 மீட்டர் அட்டை ஒன்று போதும்.

கேள்வி: பவளம், ஸ்படிகம், ருத்திராட்சம் எல்லாவற்றுக்கும் முடிச்சு அவசியமா? இரண்டு மி.மீ. குட்டி முத்துக்கும் போட வேண்டுமா?
— வாசகர், காரைக்குடி

பவளம் முத்தின் உறவு. இரண்டிலும் இருப்பது கால்சியம் கார்பனேட்தான். மென்மையானது, அதனால் முடிச்சு நல்லது. ஸ்படிகம் குவார்ட்ஸ் என்பதால் கடினம் 7, தானாகத் தேயாது. ஆனால் துளை விளிம்பு கூராக இருந்தால் பட்டை அறுத்துவிடும். ஸ்படிகத்துக்குக் கனத்த நைலானோ கியர் ஒயரோ போடலாம். மென்மையான மணியோடு கலந்து மட்டும் கோர்க்காதீர்கள்.

ருத்திராட்ச ஜபமாலையில் முடிச்சுக்கு இன்னொரு வேலையும் உண்டு. 108 மணியையும் விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளும்போது, ஒரு மணி முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதை முடிச்சு விரலுக்குச் சொல்கிறது. 109-ஆவதாக வரும் மேருவில் இரண்டு நுனியும் சேரும். அங்கே முடிச்சு நன்றாகப் பெரிதாக இருக்கட்டும்.

குட்டி முத்துக்கு இடையிடையே முடிச்சு போட்டால் முத்தைவிட முடிச்சுதான் தெரியும். பல சரங்களாகக் கோர்க்கும் அந்த மாதிரி மாலைகளுக்கு, துளை நிறையும் அளவுக்கு நூலைப் போட்டு, பத்து முத்துக்கு ஒன்று என்று முடிச்சிடலாம். அறுந்தாலும் பத்தோடு நிற்கும்.

கேள்வி: கல்யாணத்துக்கு வாங்கிய முத்து மாலை நான்கு வருடத்தில் மஞ்சளடித்து ஒளி மங்கிவிட்டது. பழைய பொலிவு வருமா?
— வாசகி, மதுரை

மேலே படிந்த எண்ணெயும் அழுக்கும் என்றால் வரும். மென்மையான துணியைத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்து, ஒவ்வொரு முத்தாகத் துடையுங்கள். துவாலையில் நீளவாக்கில் கிடத்தி, நூல் முழுவதும் காயும் வரை விடுங்கள். மேல்படலம் அரிக்கப்பட்டிருந்தால் திரும்பி வராது.

எது அரிக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கால்சியம் கார்பனேட் அமிலத்தில் கரையும். எலுமிச்சை, புளி, வினிகர் எதுவும் முத்தின் பக்கத்தில் வரக் கூடாது. வெள்ளி துலக்குவது போலப் புளி போட்டுத் துலக்குவதும் பற்பசை தேய்ப்பதும் முத்தைக் கெடுக்கும். வியர்வை, சென்ட், ஹேர் ஸ்ப்ரே, பவுடர் எல்லாமே மெல்ல மெல்லக் கெடுக்கின்றன. அலங்காரமெல்லாம் முடிந்த பிறகு முத்தைப் போடுங்கள், வீடு திரும்பியதும் முதலில் அதைக் கழற்றுங்கள். துணியால் ஒருமுறை துடைத்துவிட்டுப் பெட்டியில் வையுங்கள்.

கொக்கியில் மாட்டித் தொங்கவிட்டால் நூல் நீளும். கல் நகையோடு ஒரே பெட்டியில் போட்டால் கீறல் விழும். காற்றே போகாத பிளாஸ்டிக் கவரில் வருடக்கணக்காகக் கட்டி வைத்தாலும் கெடும், முத்துக்குள் சிறிதளவு நீர் இருக்கிறது. பருத்தித் துணிப் பையில், படுக்கவைத்து, தனியாக வையுங்கள். அவ்வப்போது எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: நன்றாகக் கோர்க்கப் பழகிவிட்டேன். வீட்டிலிருந்தே அறுந்த மாலைகளைக் கோர்த்துக் கொடுத்து வருமானம் பார்க்கலாமா?
— வாசகி, நாகர்கோவில்

பார்க்கலாம். இது காலங்காலமாகத் தொழிலாக நடப்பதுதான். வட இந்தியாவில் நகை கோர்ப்பவர்களுக்குப் பட்வா என்று பெயர். பட்டு என்ற சொல்லிலிருந்து வந்த பெயர் அது. ஹைதராபாத்தில் சார்மினார் அருகே பத்தர்கட்டிக் கடைவீதிக்குப் போனால், முத்து வாங்கிய இடத்திலேயே கோர்த்துக் கொடுப்பவர்களைப் பார்க்கலாம். அவர்கள் கையை அரை மணி நேரம் நின்று பாருங்கள். அதுவே ஒரு பாடம்.

ஆனால் இந்தத் தொழிலில் திறமையைவிட நம்பிக்கைதான் முதல். மாலையை வாங்கும்போது, கொண்டுவந்தவர் முன்னாலேயே முத்தை எண்ணுங்கள். எண்ணிக்கை, நீளம், கொக்கியின் உலோகம் எல்லாவற்றையும் சீட்டில் எழுதி, போட்டோ எடுத்து, இருவரும் கையெழுத்திடுங்கள். கீறல் விழுந்த முத்து, விரிசலுள்ள துளை இருந்தால் அப்போதே காட்டிவிடுங்கள். திருப்பித் தரும்போது மறுபடி எண்ணிக் கொடுங்கள். மிஞ்சிய முத்து ஒன்றே ஒன்றானாலும் சின்னக் கவரில் போட்டுச் சேர்த்துக் கொடுங்கள். கூலியை முடிச்சுக் கணக்கிலோ அங்குலக் கணக்கிலோ முன்பே சொல்லிவிடுங்கள். பரம்பரைச் சரம் எதையும் முதல் வருடத்தில் ஏற்காதீர்கள்.

எனக்கும் ஆரம்ப காலத்தில் ஒரு பாடம் கிடைத்தது. பக்கத்து வீட்டு அக்காவின் மாலையை எண்ணாமல் வாங்கிவிட்டேன். திருப்பிக் கொடுத்தபோது இரண்டு குறைகிறது என்றார். அவர் என்மேல் சந்தேகப்படவில்லை, ஆனால் என்னால் தூங்க முடியவில்லை. அந்த இரண்டு முத்தும் எங்கே போயின என்று இன்றும் தெரியாது. அன்றிலிருந்து எண்ணாமல் ஒரு சரத்தையும் தொட்டதில்லை.

கடைசியாக எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். இதைப் படித்ததும் உங்கள் முத்து மாலையை எடுத்து, கொக்கிக்குப் பக்கத்தில் உள்ள நூலைப் பாருங்கள். கறுத்திருக்கிறதா? பிசிறு தெரிகிறதா? முத்தைத் தள்ளினால் முடிச்சிலிருந்து விலகி நூல் கண்ணுக்குத் தெரிகிறதா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் அந்த மாலையை இனி ஒரு விசேஷத்துக்கும் போடாதீர்கள், நூலை மாற்றுங்கள். அடிக்கடி போடுகிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை, எப்போதாவது போடுகிறவர்கள் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். ஒரு அட்டைப் பட்டுநூலும் ஒரு மத்தியான நேரமும்தான் செலவு.